துரைசானி தின்ற மிளகாய்

ஆடி பிறந்தால் தென்காசிப் பக்கம் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். குற்றாலிங்கம் பிள்ளைக்கு வேலை போகும். ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் கல்யாணச் சமையல்காரரை யார் தேடப் போகிறார்கள்? தை மாதத்தில் 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று காலைச் சுற்றி வந்த ஆசாமிகள், ஆடியில் எதிரே பார்த்தால் ஏதோ கடன் கேட்டுவிடப் போகிறார் என்கிற மாதிரி அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள்.

போன ஆடியில் பிள்ளை வீட்டில் இரண்டு வேளையும் கஞ்சிதான். புருஷனும் பெண்டாட்டியும் குடித்துவிட்டுப் படுத்தார்கள்; யாருக்குத் தெரியப் போகிறது? முப்பத்தாறாம் வருஷத்து ஆடி அப்படியில்லை. தையில் கட்டிக் கொடுத்த மகள் முத்துவடிவை ஆடிக்கு அழைத்து வந்தாயிற்று. முதல் ஆடி. அவள் மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் இருப்பாள். ஊருக்கெல்லாம் பதினாறு கறி வைத்தவர், சொந்த மகளுக்குக் கஞ்சி ஊற்றினார் என்று அவள் மாமியார் காதுக்குப் போனால், அந்த அம்மாள் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பட்லர் மசூது வந்து வாசலில் நின்றான். ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவில் அவனுக்கு உத்தியோகம். கோழியை எட்டு விதமாகப் பொரிக்கத் தெரிந்தவன்.

"அண்ணாச்சி, பங்களாவுக்குப் பெங்களூர்ல இருந்து ஒரு துரைசானி வந்திருக்காவ. கறி, மீனு, முட்டை ஒண்ணும் தொட மாட்டாவளாம். நான் சமைச்ச சட்டியக் கண்டாலே மூக்கப் பொத்துதாவ. சைவச் சமையக்காரர் வேணுமாம்."

"வெள்ளக்காரியில கறி திங்காத ஆளு உண்டாவே?"

"நானும் இருவது வருசமா பாக்கேன், இப்பத்தான் காணுதேன். இன்னைக்கு மத்தியானம் ஒரு பலகாரம் செஞ்சு காட்டணும். பிடிச்சுதுன்னா ஆடி முழுக்க நீங்கதான். இல்லைன்னா அம்பாசமுத்திரத்துல இருந்து வேற ஆளு வாரான், சொல்லி வச்சிருக்காவ."

"என்ன பலகாரம்?"

மசூது தலையைச் சொறிந்தான். "மிளகாயைக் குடைஞ்சு, உள்ள தானியத்த அடைச்சு, வேக வைக்கணும். தவிடு போகாத தானியமா இருக்கணுமாம்."

"தவிடு மாட்டுக்குல்லா வைப்பாவ?"

"அதான் வேணுமாம்."

"மிளகாய்க்குள்ள எம்புட்டுலே அடைக்க முடியும்? நாலு தினை போவுமா?"

மசூது வண்டிக்குப் போனான். காலையில் ரயிலில் வந்து இறங்கிய கூடையை வண்டியிலிருந்து எடுத்து வந்து, வைக்கோலை விலக்கிக் காட்டினான்.

பிள்ளை ஓரடி பின்னால் போனார்.

எட்டு உருப்படி. ஆறு பச்சை, இரண்டு சிவப்பு. காம்பு மிளகாய்க் காம்பு, தோல் மிளகாய்த் தோல், மினுமினுப்பு மிளகாய் மினுமினுப்பு. பருமன் மட்டும் கோயில் காளையின் கழுத்து மணி அளவுக்கு இருந்தது. எந்தச் சீக்கு வந்து இப்படி ஊதிப்போனதோ என்று பிள்ளைக்கு முதலில் பரிதாபம்தான் வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

"இத அவங்க முழுசாத் தின்னப் போறாவளா?"

"ஆளுக்கு ரெண்டு கணக்காம்."

பங்களாவுக்குப் போகிற வழியில் பிள்ளை வண்டியைக் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னார். அவருடைய மச்சினன் பிச்சையா அங்கே மிளகாய் வத்தல் வியாபாரி. ஒரு கை வத்தலை அள்ளிக் குலுக்கினால், சத்தத்தை வைத்தே எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவான். விற்கிறவன் சங்கரன்கோவில் சரக்கு என்று சத்தியம் பண்ணும்போதே இவன் வேறு ஊரின் பெயரைச் சொல்லி விலையைப் பாதியாக்குவான். அப்பேர்ப்பட்டவன் அந்தப் பச்சை உருப்படியை வாங்கி உருட்டினான், தட்டினான், காதில் வைத்துக் கேட்டான், கடைசியில் காம்போரத்தில் நகத்தால் கீறி மோந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நெடியே இல்ல அத்தான்."

"அப்போ காரம் கம்மின்னு அர்த்தமா?"

"அதான் பயமா இருக்குங்கேன். நெடி அடிக்கிற சரக்குன்னா ஆளு சுதாரிச்சுக்கிடலாம். இது மூச்சுக் காட்டாம உள்ளுக்குள்ள வச்சிருக்கு. மலை மேல காந்தாரி மிளகா பாத்திருக்கியள்லா? நெல்லு மணி கணக்கா கெடக்கும். ஒண்ணக் கடிச்சா ஒரு நாழி அருவியில வாயத் தொறந்துக்கிட்டு நிக்கணும். இது அது மாதிரி முந்நூறு பெறும். நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க."

பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். "நீ ஒரு கடி கடிச்சுப் பாரேன் மாப்ளே. தொழில் தெரிஞ்சவன்லா?"

"எனக்கு நாலு பொட்டப்புள்ள இருக்கு அத்தான்."

"ஏ மசூது, நீ?"

"இந்த வம்பெல்லாம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி?" மசூது வண்டிமாட்டின் முதுகைத் தட்டிக்கொடுக்கப் போய்விட்டான்.

பிச்சையா யோசனை மட்டும் தாராளமாகக் கொடுத்தான். விதையையும் நரம்பையும் ஒட்டச் சுரண்டிவிட வேண்டும். உப்புப் போட்ட தயிரில் ஊறவிட வேண்டும். உள்ளே காரத்தை அமர்த்துகிற மாதிரி வெல்லமும் தேங்காயும் நெய்யும் கை கூசாமல் போட வேண்டும். யோசனைக்குக் கூலியாக, சுரண்டுகிற விதை அத்தனையும் தனக்கே வந்து சேர வேண்டும் என்றான். சாகடிக்கிற சரக்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே, அதை எந்தச் சந்தையில் என்ன விலைக்கு விற்கலாம் என்று மனசுக்குள் அவன் ஓட்டிப் பார்த்தது பிள்ளைக்கும் தெரிந்தது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை.

பங்களாவில் சாரல் ஜன்னல் வழியாக உள்ளே தூவிக்கொண்டிருந்தது. புதுச் சட்டி, புது அகப்பை எல்லாம் தயாராக இருந்தன. பிள்ளை இரண்டு கையிலும் தேங்காயெண்ணெயைப் பூசி, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி முதல் மிளகாயின் தலையை அறுத்தார். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே முக்கால்வாசி வெறும் காற்று. ஓரத்தில் கொஞ்சம் விதை. துணி நழுவி விரல் உள்ளே பட்டது. எரியவில்லை. அரை நாழி காத்திருந்து பார்த்தார், அப்போதும் எரியவில்லை. நம்மை நம்பவைத்துவிட்டுப் பிறகு கழுத்தை அறுக்கிற சரக்கு என்று முடிவு கட்டி, இன்னும் ஒரு குத்துத் தயிரை அள்ளி ஊற்றினார்.

நாலு மிளகாய் தயிரில் கிடந்தது. நாலைத் தொடாமல் வைத்தார். உமி போக ஒரே குத்துக் குத்திய தினையைக் கழுவி வேக வைத்தார். மலையில் கிளி தின்கிற தினை. அரிசி வாங்க வக்கில்லாதவன் கூட விருந்தாளிக்கு அரை ஆழாக்கு அரிசி இரவல் வாங்குவானே, இந்த அம்மாள் பங்களாவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டு வாங்கித் தின்கிறாளே என்று அவருக்கு ஆறவில்லை. வெந்த தினையில் தேங்காய்த் துருவல், வறுத்துப் பொடித்த நிலக்கடலை, வெல்லப்பாகு, நெய், ஏலம் போட்டுக் கிளறினார். கழுவிய மிளகாயில் திணித்து, அறுத்த தலையை மூடியாக வைத்து நூலால் கட்டி, உருளியில் வரிசையாக நிறுத்தினார். கீழே தணல், மூடியின் மேலேயும் தணல்.

வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அவர் எதையும் அப்படி ருசி பார்த்ததில்லை. இலையில் விழுகிறதுக்கு முன்னால் சமைத்தவன் நாக்கில் பட்டால் அது எச்சில். அதைப் பரிமாறினால் விருந்துக்கு வந்தவனை அவமதிக்கிற காரியம். ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கும் கொதியின் வாசனையை வைத்தே உப்புச் சொல்லிவிடுவார். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

துரைசானிக்கு அறுபது வயதிருக்கும். உடைமர விறகு போல உடம்பு. மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு மோர், ஒரு கிண்ணம் சீனி, நாலு வாழைப்பழம், ஈரத் துண்டு எல்லாம் இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மசூதைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவள் நூலை அறுத்து, மிளகாயை நீளவாக்கில் வகிர்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டாள்.

கதவுக்குப் பின்னால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் மகள், அவள் மாமியார், போலீஸ்காரர் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். அலறல் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மசூது பூனை மாதிரி நடந்து வந்தான்.

"என்னலே ஆச்சு?"

"தின்னுதாவ."

"கண்ணுல தண்ணி வருதா?"

"இல்ல."

"விக்கல்?"

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணு முடிஞ்சு ரெண்டாவதுல பாதி போயிட்டு. மோரத் தொடவே இல்ல."

பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. முந்நூறு காந்தாரியை விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது மனுஷியா, இல்லை இசக்கியம்மனா? வெள்ளைக்காரியில் இசக்கி உண்டா? அவர் அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதே உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

துரைசானி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இங்கிலீஷில் பேசினாள். மசூது தமிழாக்கினான்: "சீனி, வெல்லம் ஒண்ணும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். சாப்பாடு கேட்டா நீங்க பாயசத்தச் சொப்புல அடைச்சுக் கொண்டாந்து வச்சிருக்கியளாம். ஏன்னு கேக்காவ."

"அவங்க உசிரக் காப்பாத்தத்தான்னு சொல்லுவே!"

அவன் சொன்னான். அவள் புருவம் ஏறியது. பிள்ளை தயிரையும் மச்சினனையும் காந்தாரிக் கணக்கையும் மூச்சுவிடாமல் விவரித்தார். மசூது அத்தனையையும் ஐந்தாறு வார்த்தையில் முடித்தான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் கூட இவ்வளவு சுருக்கமாட்டான் என்று பிள்ளைக்குக் கோபம்.

துரைசானி எழுந்து நேரே அடுப்படிக்குள் வந்தாள். பங்களா கட்டின நாளிலிருந்து எந்தத் துரைசானியும் கால் வைக்காத இடம். கூடையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து, ஆப்பிள் கடிக்கிற மாதிரி நறுக்கென்று கடித்தாள். இன்னொன்றை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினாள்.

"தின்னச் சொல்லுதாவ," என்றான் மசூது.

பரிமாறப் போகிற பதார்த்தமில்லை, அதனால் எச்சில் தோஷமில்லை, தப்பிக்கவும் வழியில்லை. பிள்ளை குற்றாலநாதரை நினைத்துக்கொண்டு கடித்தார். மென்றார். காத்திருந்தார். இன்னொரு கடி கடித்தார்.

தண்ணீர். கொஞ்சம் புல் வாசனை. வெள்ளரிக்காய்க்குத் தூரத்துச் சொந்தம். அவ்வளவுதான்.

"காரத்த எங்கவே காணும்?" என்று மசூதைக் கேட்டார், அவன்தான் எடுத்து மடியில் ஒளித்துவைத்த மாதிரி. "காரமில்லாத மிளகாய எவன் மெனக்கெட்டு விளைவிக்கான்? எவன் ரயிலேத்தி அனுப்புதான்?"

துரைசானி பேசினாள். இந்தத் தடவை மசூது தயங்கினான். "சமைக்கும்போது ஒரு வாட்டி ருசி பாத்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காதாம். இனிமே ருசி பாத்துத்தான் சமைக்கணுமாம். சம்மதம்னா ஆடி முழுக்க இருக்கலாம். இல்லைன்னா... அம்பாசமுத்திரத்து ஆளு."

பிள்ளை தரையைப் பார்த்தார். ஒரு பக்கம் முத்துவடிவு, முப்பது நாள் சோறு. ஒரு பக்கம் நாக்கு நுனியில் ஒரு சொட்டு. யாரும் பார்க்கப் போவதில்லை. மசூது ஊரில் போய்ச் சொல்லப் போவதுமில்லை. ஒரு சொட்டுத்தானே என்று ஒரு மனசு விலையை இறக்கிக்கொண்டே வந்தது. இன்னொரு மனசு அசைந்து கொடுக்கவில்லை.

"முடியாது," என்றார். "நான் வாயில வச்சத இன்னொருத்தருக்கு வச்சதில்ல. வைக்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், அப்படியே சொல்லு. சுருக்கிராத. ருசி பாத்தே ஆகணும்னா, சாப்பிடுதவங்களே வந்து பாக்கட்டும். நான் கிண்டுதேன், அவங்க நாக்குல வச்சுச் சொல்லட்டும். அவங்க எச்சி அவங்களுக்குத்தான போவுது? யாருக்கு நட்டம்?"

"அண்ணாச்சி, துரைசானிய அடுப்படியில வந்து நிக்கச் சொல்லுதீயளா?"

"சொல்லுவே!"

மசூது சொன்னான். துரைசானி பிள்ளையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

"போச்சு," என்றான் மசூது.

பிள்ளை கை கழுவினார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். தென்காசிக்கு நடந்தே போய்விடலாம்; வண்டிக் கூலியாவது மிச்சம். வீட்டில் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் முதல் வார்த்தை அகப்படவில்லை.

அவர் வாசற்படி தாண்டுவதற்குள் அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் வெள்ளிக் கரண்டி. நாற்காலியை அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கூடையில் மிச்சமிருந்த இரண்டு சிவப்பு மிளகாயைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"அம்பாசமுத்திரத்து ஆளை வர வேண்டாம்னு எழுதிரச் சொல்லுதாவ," என்றான் மசூது. "அந்த ரெண்டையும் இப்பவே செய்யணுமாம். வெல்லமில்லாம."

பிள்ளை துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தினை மறுபடி வெந்தது. வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, நிலக்கடலை, ஒரு மூடி எலுமிச்சை. உப்பைப் போட்டு, கொதியை மூக்கால் இழுத்து, சரியாக இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அகப்பை படாமல் அவளுடைய கரண்டியில் கொஞ்சம் விட்டார். அவள் ஊதி, ருசித்து, மசூதிடம் திரும்பினாள்.

"உப்பு பத்தலையாம்."

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல ஆள் பிறந்ததில்லை. அதுவும் சற்று முன்புவரை சட்டிக்குள் தலையை நீட்டியே அறியாத ஒரு அம்மாள்.

"மசூது, எனக்கு ஒண்ணு வெளங்கல. இங்கன யாரு சமையக்காரன்? நானா, அவங்களா?"

"எனக்கும் காலையில இருந்து ஒண்ணும் வெளங்கல அண்ணாச்சி. உப்பப் போடுங்க."

கோபப்படுவதா, கௌரவமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் பிள்ளை உப்பு மரவையில் கையை விட்டார். துரைசானி அடுத்த கரண்டிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.