முப்பத்தொன்றாம் லைன்

அந்த ஊருக்கு டெலிபோன் வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால், எக்ஸ்சேஞ்ச் போர்டில் அந்த வீட்டு எண்ணுக்கு மேலிருக்கும் தகட்டு மூடி ‘டப்’பென்று விழும். உடனே அந்தத் துளையில் கம்பியைச் செருகி, “நம்பர் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் போர்டுக்காரியின் பொறுப்பில் இருந்தது முப்பத்தொன்று. அது அவளுடைய அக்கா வீடு. அக்கா காய்ச்சலில் போய் ஐந்து மாதம். அத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். டெலிபோனை யாரும் கழற்றவில்லை.

ஒருநாள் பிற்பகல் மூன்றேகாலுக்கு முப்பத்தொன்றின் மூடி விழுந்தது. அக்கா வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம். அவள் கம்பியைச் செருகினாள். வண்டு குடைவதுபோல் ஒரே இரைச்சல். அதற்கடியில் யாரோ முனகுகிற மாதிரி. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

“பூட்டின வீட்டுலேருந்து யாருடி கூப்பிடுவாங்க? எலியா?” என்று கேலி பண்ணிய பக்கத்துப் போர்டுக்காரி, மூடி விழுவதைக் கண்ணால் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எக்ஸ்சேஞ்ச் இன்ஜினீயர் அசரவில்லை. “பேயுமில்ல, பிசாசுமில்லம்மா. டிராம் ஓடுற மின்சாரம் மண்ணுல கசியுது. நமக்கு இருக்கிறது ஒத்தக் கம்பி, திரும்புற வழி மண்ணுதான். அதுல தொத்திக்கிட்டு வருது. எல்லா லைனுக்கும் ரெண்டாவது கம்பி இழுத்துட்டா அடங்கிடும்.”

“முப்பத்தொண்ண மட்டும் கடைசியா வச்சுக்குங்க, சார்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். நோட்டில் முப்பத்தொன்றைக் கடைசியில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் அதன் முறையும் வந்தது. வெளிச்சுவரோரம் மண்ணுக்குள் இறங்கிய கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பியை அங்கேயே பிணைத்தார்கள். வீட்டுக்குள் போக வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மூன்றேகாலுக்கு மூடி விழுந்தது.

“நம்பர் சொல்லுங்க.”

இரைச்சல் முழுதாக அடங்கியிருந்தது. அந்த அமைதியில் மூச்சு கேட்டது. இழுத்து விடுகிற ஆண் மூச்சு.

“யாரு?” என்றாள். பிறகு, “அத்தானா?”

“பயந்துட்டியாம்மா?”

“எப்ப வந்தீங்க? வாசல்ல பூட்டு தொங்குதே!”

“போன மாசமே வந்துட்டேன். பின்கதவு வழியா. யார் முகத்துலயும் முழிக்கப் பிடிக்கல.”

“அப்ப ஏன் கூப்பிட்டுட்டுப் பேசாம இருந்தீங்க?”

“நீ ‘நம்பர் சொல்லுங்க’ன்னு சொல்றப்போ அப்படியே அவ குரல். அத ஒரு தடவ கேட்டுட்டா, அன்னிக்குப் பொழுதை ஓட்டிடுவேன்.”

அன்று வேலை முடிந்ததும் சாப்பாடு எடுத்துக்கொண்டு பின்கதவைத் தட்டினாள். எலும்பும் தோலுமாக நின்றார். “இப்படியா உடம்பைக் கெடுத்துக்குவீங்க? எங்க வீட்டுக்கு வந்துடுங்க” என்று அவள் பேசப் பேச, அவர் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. பேச்சை நிறுத்தினாள்.

“பேசு” என்றார், கண்ணைத் திறக்காமலே.

பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் கெஞ்சிக் கேட்டு நான்காம் போர்டுக்கு மாறிக்கொண்டாள். மூன்றேகாலுக்கு மூடி விழுந்தது. வேறொருத்தி “நம்பர் சொல்லுங்க” என்றாள். அந்தப் பக்கம் ரிசீவர் உடனே வைக்கப்பட்டது. அதன் பிறகு அந்த லைனில் அழைப்பே வரவில்லை.

மாதக் கடைசியில் அத்தான் தன் அண்ணன் ஊருக்குப் புறப்பட்டார். போகும் வழியில் பெட்டியோடு எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். அவள் இறங்கி வந்தாள்.

“போயிட்டு வரேம்மா” என்றார். பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.