துடைத்தவருக்கே இடம்

கையில் ஒரு கைக்குட்டை இருந்தால் போதும், வேல்பாண்டி ஊரையே வளைத்துப் போட்டுவிடுவான். மார்க்கையன்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தே வளர்ந்த கை அது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் அவன் படித்த கல்லூரியின் வாசிப்பு அறையிலும் அதே வித்தைதான். எட்டரை மணிக்கு உள்ளே நுழைவான். ஃபேனுக்குக் கீழே இருக்கும் ஜன்னலோர மேசையில் தன் கைக்குட்டை. பக்கத்து மூன்று மேசைகளில் கூட்டாளிகளுக்காக ஒரு சீப்பு, ஒரு பேனா மூடி, ஒரு பழைய பஸ் டிக்கெட். அப்புறம் சாவகாசமாக டீ குடிக்கப் போவான். ஒரு பஸ் டிக்கெட்டுக்கு மரியாதை கொடுத்து விலகிப் போகிற பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

இடம் பிடிப்பதில் இருந்த வேகம் அந்த இடத்தைப் பேணுவதில் யாருக்கும் இல்லை. மேசைகளில் சால்னா சொட்டுச் சொட்டாகக் காய்ந்து கிடக்கும். மூக்கைத் துடைத்த கை அப்படியே பொது அகராதியைப் புரட்டும். நூலகர் பவானி மேடம் சுவரில் ஒட்டிய ‘தூய்மை காப்போம்’ அறிவிப்பின் மேலேயே எவனோ சூயிங்கத்தை அப்பி வைத்திருந்தான். கடைசியில், தின்பண்ட வாசத்துக்கு வந்த எலி ஒன்று கம்ப்யூட்டர் ஒயரைக் கடித்து வைத்தது. பிரின்ஸிபால் கொதித்துப்போனார்.

“அடுத்த திங்கக்கிழமை நானே வந்து பாப்பேன். ஒரு மேசை அழுக்கா இருந்தாலும் பூட்டுத்தான். இந்த வருசம் முடியிற வரைக்கும் தெறக்க மாட்டேன்” என்று எல்லார் முன்னாலும் மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேல்பாண்டி விரல் விட்டு நாள் எண்ணினான். குரூப் ஃபோர் தேர்வுக்கு இன்னும் அறுபது நாள். போன தடவை மூன்றே மூன்று கேள்வியில் கோட்டை விட்டவன் அவன். வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மில். காலையில் ஓட ஆரம்பித்தால் வீட்டில் பேசுவதே காதில் விழாது. இந்த அறையை விட்டால் அவனுக்கு நாதியில்லை. அறையைப் பூட்டிவிடுவார்களே என்று அவ்வளவு பயந்தவன், அந்த அழுக்கில் தன் பங்கு எவ்வளவு என்று மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆள் அப்படி.

மறுநாள் டீ குடித்துவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வேதியியல் இரண்டாம் வருடம், கம்பத்துப் பெண், பெயர் சாதியா. மேசை பளிச்சென்று இருந்தது. அவனுடைய கைக்குட்டை ஜன்னல் கம்பியில் ஈரம் சொட்டத் தொங்கியது.

“பாப்பா, அது என் எடம். கைக்குட்ட போட்டுருந்தேன்ல?”

“பாத்தேண்ணே. அதத்தேன் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டுருக்கேன்.”

“எடத்த விடு.”

“துண்டு போட்டா எடம் கெடைக்கிறது பஸ்ஸுலண்ணே. இங்கன யாரு ஈரத்துணியால தொடைக்கிறாகளோ, அவுகளுக்குத்தேன் எடம்.”

“இது யாரு போட்ட சட்டம்?”

“நாந்தேன். காலையில போட்டேன்.”

அவன் நேராகப் பவானி மேடத்திடம் போய் முறையிட்டான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “சட்டம் நல்லாத்தான இருக்கு. வாளி அங்கன இருக்கு பாரு” என்றார். அன்றைக்கு அவனுக்குக் கதவோரம், ஃபேன் எட்டாத இடம்தான் வாய்த்தது. கோபத்தில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. ஆனாலும் ‘என்னா தைரியம் இந்தப் பிள்ளைக்கு’ என்று மனசுக்குள் ஒரு மெச்சுதலும் எட்டிப்பார்த்ததை அவனால் மறைக்க முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்து, தன் மேசையோடு கூட்டாளிகளின் மூன்று மேசைகளையும் சேர்த்துத் துடைத்துப் போட்டான். சட்டத்தைத் தான் ஏமாற்றிவிட்டதாக அவனுக்கு நினைப்பு. நான்கு மேசை சுத்தமானதுதான் மிச்சம். வியாழக்கிழமை வாளிக்கு வரிசை நின்றது. இதுவரை புத்தகத்தைக்கூடத் தூசி தட்டாதவர்கள் எல்லாம் நல்ல இடத்துக்காக நாற்காலி முதுகைத் தேய்த்தார்கள். சாதியா யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பருத்தித் துணிகளைச் சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போவாள், அவ்வளவுதான். சுவரில் ஒட்டிய அறிவிப்பால் ஐந்து வருஷமாக ஆகாத காரியம் ஒரு வாளித் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது.

ஒன்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. கிளம்பும்போதும் அவள் தன் மேசையைத் துடைத்தாள்.

“வரும்போது தொடைச்சா எடம் கெடைக்குது. போகும்போது தொடைச்சா என்ன கெடைக்கும்?” என்று கேட்டான்.

“ஒண்ணும் கெடைக்காதுண்ணே” என்று சொல்லிவிட்டு அவள் மேசையின் மூலையைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை சின்னமனூரில் அவன் வந்த பஸ் நின்றுபோனது. ஐயப்ப சீசன், ரோடு முழுக்க வேன்கள். மணி பத்தைத் தொட்டபோது, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பையிலிருந்து பன்னீர் திராட்சையை எடுத்து வாயில் போட்டார். வேல்பாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை அவனும் திராட்சை தின்றான். பாதிக் கிலோ மிச்சம். நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஜன்னலோர மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டு ஓடி வந்திருந்தான். இரண்டு நாள் பூட்டிய அறை. அது என்ன கதியில் இருக்கும் என்று நினைக்கவே குமட்டியது. அத்தனை பேர் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்ததை ஒரு கொத்துத் திராட்சையில் தொலைத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

கல்லூரி வாசலில் இறங்கி ஓட்டமாக ஓடினான். அறை வாசலில் பிரின்ஸிபால். கையில் பெரிய பூட்டு. வேல்பாண்டியின் கால்கள் அங்கேயே நின்றன.

“மேடம், இந்தப் பூட்ட ஸ்டோர்லயே குடுத்துருங்க” என்றார் பிரின்ஸிபால். அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

உள்ளே எல்லா மேசையிலும் ஆள் இருந்தது. ஜன்னலோர மேசை மட்டும் காலி. அதன் டிராயரை மெல்ல இழுத்துப் பார்த்தான். மூலைமுடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, சோப்பு வாசம் அடித்தது. கதவோரத்து இடத்தில் சாதியா உட்கார்ந்திருந்தாள். பேனா பிடித்திருந்த அவள் விரல்களில் எறும்பு கடித்த தடிப்புகள் சிவந்திருந்தன.

அவன் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

“நீதேன் எடுத்தியா?”

“எட்டு மணிக்கே வந்தேன். எறும்பு ஜன்னல் வரைக்கும் போயிருந்துச்சு. சார் எல்லா டிராயரையும் இழுத்துப் பாத்தாகண்ணே.”

“என்னோடதுன்னு யார்கிட்டயும் சொல்லலையா?”

“எதுக்கு?”

“அந்த மேசையத் தொடைச்சது நீ. அப்ப எடமும் ஒனக்குத்தான?”

“ஆமா, எனக்குத்தேன். என் எடத்த நான் யாருக்கு வேணா குடுப்பேன். போய் ஒக்காந்து படிங்க, ஒங்களுக்குத்தேன் பரீச்ச வருது.”

தன்னைவிட இரண்டு வயது சின்னவள் முன்னால் அவ்வளவு சிறுத்துப்போனதும், அவளை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதும் அவனுக்கு ஒரே நேரத்தில் நடந்தது. போய் உட்கார்ந்து சாயங்காலம் வரை தலை நிமிராமல் படித்தான்.

நாலு மணிக்கு அறை காலியானது. “ஏலே, பஸ்ஸு வந்துரும்டா” என்று வெளியிலிருந்து கூட்டாளி கூப்பிட்டான். வேல்பாண்டி வாளியைப் பார்த்தான். துணிகளை எல்லாம் சாதியா அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான். மேசையைத் துடைத்தான், டிராயரைத் துடைத்தான். நாற்காலியின் கைப்பிடிக்கு வந்தபோது நாலு பத்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கைப்பிடியைத் துடைத்தான்.