கிழக்கு வேலியின் நிழல்

விடிந்ததும் மகாதேவி ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து ஒழுங்கைக்கு வந்துவிடுவார். மதகின்மேல் அதை வைத்துத் துணியை நீக்குவார். அடியில் வெயில் பட்டால் நிறம் மாறும் மருந்து பூசிய தாள், அதன்மேல் ஏதோ ஓர் இலை அல்லது கொடி, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி. தாளின் பச்சை வெயிலில் சாம்பல் நிறமாகும்வரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசுவார். தாள் நீலமாகும், இலை கிடந்த இடம் மட்டும் வெள்ளையாய் நிற்கும்.

“என்னக்கா, அப்பளம் காயுதோ?” என்று சைக்கிளில் போகிறவர்கள் கேட்பார்கள்.

“ஓம், பொரிச்சாப் பிறகு கூப்பிடுறன்” என்பார்.

முன்பெல்லாம் இது முற்றத்திலேயே நடந்தது. அடுத்த வளவிலிருக்கும் தம்பி பரமலிங்கம், கிழக்கு எல்லையில் நின்ற கிளுவை வேலியை வெட்டிவிட்டு ஆளுயரத்துக்கு மேலே தகரம் அடித்தார். காலை வெயில் அத்தோடு நின்றுபோயிற்று.

“ரண்டு தகரத்தை மட்டும் கழட்டிவிடு தம்பி” என்று மகாதேவி ஒருமுறை கேட்டார்.

“வெயிலும் உங்கடை காணி உறுதியிலை எழுதிக்கிடக்கோ?” என்றார் பரமலிங்கம்.

அதன்பின் மகாதேவி கேட்கவில்லை. ஒழுங்கைக்குப் போகத் தொடங்கினார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவள் மகாதேவியின் மகள் துஷாந்தினி.

நேற்று விடியுமுன், நித்திரையிலேயே மகாதேவியின் உயிர் பிரிந்தது. இன்று செத்தவீடு. அம்மாவுக்கு உடுத்தச் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்த துஷாந்தினி, கறுப்புத் துணி சுற்றிய சட்டத்தைக் கண்டாள். யன்னலைச் சாத்திவிட்டுத் துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். முடக்கொத்தான் கொடியொன்று, சுருண்ட பற்றுக்கம்பிகளோடு. மறுநாள் காலைக்கென்று எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டுத்தான் அம்மா படுத்திருக்கிறார்.

மருந்து பூசிய தாள் நாள்பட்டால் கெட்டுவிடும். அம்மாவை எடுப்பதற்குள் அதை வெயிலில் வைத்து அலசி, பெட்டிக்குள் அவர் கைக்கருகில் வைத்துவிட வேண்டும் என்று துஷாந்தினி எண்ணினாள்.

ஒழுங்கை நிறைய வாகனங்கள். மதகின்மேல் பறைகாரர் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தைப் பந்தல் மூடியிருந்தது. பந்தலுக்கும் தகரத்துக்கும் இடையில் ஒடுக்கமான ஒரு துண்டு நிலம் மட்டும் வெளியாய்க் கிடந்தது. அதிலும் வேலியின் நிழல்.

அங்கே கதிரை போட்டிருந்த ஒன்றுவிட்ட பெரியப்பா கனகரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். “என்ன பிள்ளை தேடுறாய்?”

“வெயில், பெரியப்பா.”

“வெயில் இல்லையெண்டுதானே நான் இதிலை குந்தினனான். இஞ்சை வெயில் ஏற முதல் ஐயர் கிரியையை முடிச்சுப்போடுவார்.”

பந்தற்காலடியில் நின்ற பரமலிங்கம் திரும்பினார். “என்ன அது, பிள்ளை?”

“அம்மா கடைசியா வச்சது, மாமா.”

அவள் வேலியைப் பார்க்கவில்லை. பரமலிங்கம் சட்டத்தைச் சுற்றியிருந்த துணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஐயர் கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பெண்கள் கிரியைக்குச் சுண்ணம் இடிக்க உரலைத் துடைத்து வைத்தார்கள். பிறகு பார்த்தபோது பரமலிங்கத்தை அங்கே காணவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து தகரத்திலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் எழுந்தது. பந்தலில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தொடங்குவமே? பரமலிங்கம் எங்கை?” என்று ஐயர் கேட்டார்.

“ஒரு கால்மணித்தியாலம் பொறுங்கோ ஐயா” என்று தகரத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஒரு தகரம் சரிந்தது, பின் இரண்டாவது. அவர் அத்தோடு நிற்கவில்லை. மூன்றாவதையும் நான்காவதையும் கழற்றித் தன் கிணற்றடிவரை சுமந்துபோய்க் கிடத்திவிட்டு வந்தார். உள்ளங்கையில் இரத்தம் கசிந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

துஷாந்தினி சட்டத்தை நிலத்தில் வைத்துத் துணியை எடுத்தாள்.

பரமலிங்கம் திறந்த வேலியின் நடுவில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். தன் நிழல் கண்ணாடிமேல் விழுவதைக் கண்டதும் மெல்ல விலகி ஓரமாய்ப் போய் நின்றார்.