கெளுத்தியின் வலப்பக்கம்

ஹாவ் ஆற்றில் கூண்டுகட்டி மீன் வளர்ப்பவர்களின் மிதக்கும் வீடுகளில் தட்டிலுள்ள மீனை யாரும் திருப்பிப் போடுவதில்லை. மேல்பக்கத்துச் சதையை உண்டு முடித்ததும் முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தைக் கிடந்தபடியே உண்பார்கள். மீன் புரண்டால் வீடும் புரளும் என்பது காரணம். அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதே பாதி புரட்டியதற்குச் சமம் என்பதால், அதையும் ஒருவரும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுகளாக அங்கே போய்வந்த எனக்கு இது பழகிவிட்டது. பழகியதாலேயே கண்ணில் படாமலும் போனது.

எல்லோரும் ஏழாம் சித்தப்பா என்றே அழைக்கும் ஒரு வளர்ப்பாளரின் கூண்டுகளில் கெளுத்திக் குஞ்சுகளுக்கு மூன்று மாதமாக ஈப்புழு மாவு கலந்த தீவனம் போட்டுவந்தோம். அத்தீவனம் மீனின் தசையில் எந்த மரபணுக்களை எழுப்புகிறது, எவற்றை உறங்கவிடுகிறது என்பதே என் ஆய்வு. ஒவ்வொரு மீனின் முதுகிலிருந்தும் இடப்புறம் ஒரு துண்டு, வலப்புறம் ஒரு துண்டு. ஒரே மீனின் இரு பக்கங்களும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஆனால் ‘வலம்’ என்று எழுதிய குழாய்கள் அனைத்திலும், செந்தசையில் மட்டுமே ஓங்கி ஒலிக்கவேண்டிய மரபணு கூச்சலிட்டது. நாங்கள் எடுத்ததோ முதுகின் வெண்தசை.

“திங்கக்கெழமைக்குள்ள காரணம் தெரியலன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பி” என்றார் பேராசிரியர். என் படிப்புக்கு மீதமிருந்தது இரண்டே மாதம்.

தோல்வியைச் சித்தப்பாவிடம் நேரில் சொல்லிவிடுவதே முறை என்று சனிக்கிழமை நண்பகலில் போனேன். ஆய்வுக்கூட உதவியாளர் தாவும் உடன் வந்தாள். அவளும் அதே ஆற்றில் ஒரு மிதக்கும் வீட்டில் பிறந்தவள். மூன்று வாரம் முன்பு இதே வீட்டில் துண்டுகளை வெட்டியவள் அவள்; பின்கட்டில் நின்று குழாய்களுக்குப் பெயர் எழுதி உறையவைத்தவள் நான்.

சித்தி யானைக்காது மீனை முழுதாகப் பொரித்து, கீரையும், சதையைச் சுற்றி உண்ண அரிசித்தாளும் சூழ நடுவில் வைத்தார்.

“என்னம்மா குயென், மூஞ்சி இப்பிடித் தொங்குது? என் மீனு பரீட்சையில பெயிலா?” என்றார் சித்தப்பா.

“மீனு பாஸ்தான் சித்தப்பா. நாந்தான் பெயிலு.”

“அப்பக் கவல இல்ல. மீன வித்துரலாம். உன்ன யாரு வாங்குவா?”

சித்தி சிரித்தார். தாவ் சிரிக்கவில்லை. மேல்சதை தீர்ந்திருந்தது, அவளுடைய உண்ணும் குச்சிகள் முள்ளின் இடுக்கு வழியாக அடிப்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்த என் கையில் அரிசித்தாள் அப்படியே நின்றுவிட்டது.

“தாவ், அன்னிக்கி மீன எதுல வெச்சு வெட்டின?”

“சித்தியோட எனாமல் தட்டுலதான்க்கா.”

“திருப்பினியா?”

சித்தி சட்டென்று ஆற்றின் பக்கம் பார்த்தார். தாவின் கண்கள் நிறைந்தன.

“சித்தப்பா எதிர்லயே உக்காந்திருந்தாருக்கா. அவரு வீட்டுல, அவரு கண்ணு முன்னாடி… கை வரல. ரெண்டாவது துண்டையும் அதே பக்கத்துலயே கொஞ்சம் கீழ தள்ளி எடுத்துட்டேன். ஒரே மீனுதானேன்னு நெனச்சேன்.”

கொஞ்சம் கீழே! விலாவின் நடுக்கோட்டை ஒட்டி, தோலுக்கடியில் செந்தசை ஓடுவது சரியாக அங்கேதான். தீவனம் பொய் சொல்லவில்லை, மீனும் பொய் சொல்லவில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு மூச்சுத்தான் வந்தது. ஆனாலும் இன்னொன்று தெரியவேண்டியிருந்தது. வெட்டிய மீன்களைத் தாவ் அலுமினியத் தாளில் சுற்றித் தந்திருந்தாள். அவற்றையும் முழுதாக உறையவைத்திருந்தோம். ஆய்வுக்கூடத்தில் இருந்த இளைய மாணவன் லோக்கைக் கைபேசியில் அழைத்தேன்.

“பெரிய ஃப்ரீசர்ல நம்ம மீனு இருக்குல்ல? தாளப் பிரிச்சு வலப்பக்கம் பாரு. உருகவிட்டுறாத.”

கதவு திறக்கும் ஓசை. தாள் சரசரத்தது.

“கீறல்கூட இல்லயேக்கா. நாலு பாத்துட்டேன், நாலும் அப்பிடியேதான் இருக்கு. ஏன்க்கா, கத்தி கெடைக்கலையா?”

சிரிப்பும் அழுகையுமாகச் சுவரில் சாய்ந்துவிட்டேன். வெட்டவேண்டிய தசை அத்தனையும் மூன்று வாரமாக அந்தக் குளிரில் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை காரணத்தையும் சொல்லலாம், கத்தியையும் எடுக்கலாம்.

“பொழச்சோம் சித்தப்பா! மறுபக்கம் முழுசா இருக்காம்!”

தாவ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “கடைசிக் கூண்டு மீன அடுத்த வாரம் வெட்டணுமேக்கா. இங்கதானே?”

இங்கே வெட்டுவதென்றால் மீனைத் திருப்பியாக வேண்டும். அதைச் சித்தப்பாவிடம் எப்படிக் கேட்பது? வெளியே ஒரு விசைப்படகு கடந்தது. தரை ஏறி இறங்கி அடங்கியது. அது அடங்கும்வரை ஏழாம் சித்தப்பா காத்திருந்தார். பின் தன் குச்சிகள் இரண்டையும் மீனின் அடியில் செலுத்தினார்.

“ஏங்க!” என்றார் சித்தி.

“நல்லாப் பாத்துக்க தாவ். அடுத்த வாரம் இப்பிடித்தான் பண்ணணும்” என்று சொல்லி, நாங்கள் மூவரும் பார்த்திருக்க, அவர் மீனைத் திருப்பிப் போட்டார்.