மச்சான் தந்த பிரேக் பட்டி

ஆதம்பாவாவின் வாடகைக் காருக்குப் பிரேக் பட்டி தேய்ந்துபோனது 1938ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில். தேய்ந்ததைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. ஓடுகிற கார், தேயத்தான் செய்யும். புதியதை எங்கே வாங்குவது என்பதுதான் அவனை வாட்டியது.

நாவற்குடாவில் கார் பட்டறை வைத்திருந்த சாமித்தம்பி, சக்கரச் சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னார்.

"கம்பனிப் பட்டி போடு தம்பி. கொழும்புக்கு எழுதினா பத்து நாளில ரயில்ல வந்திரும். கொப்பிச் சாமான் மட்டும் கொண்டு வந்திராத."

காரைச் செய்த கம்பனி அல்லாமல், வேறு யாரோ அதே அளவில் வெட்டி அரை விலைக்கு விற்பதைத்தான் அவர் கொப்பிச் சாமான் என்றார். மட்டக்களப்பு நகரில் அதை விற்றவர் மர்சூக். ஆதம்பாவாவின் மனைவி நஸீறாவுக்கு அவர் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். சிக்கல் அங்கேதான். காத்தான்குடியில் ஆதம்பாவா குடியிருந்த வீடு நஸீறாவின் சீதன வீடு. அதற்கு நிலை வைத்தது, ஓடு போட்டது எல்லாம் மர்சூக்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் மர்சூக் ஒரு பொட்டலத்தோடு வந்து, அதைத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"பட்டி தேஞ்சிட்டாமே மச்சான்? என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"சாமித்தம்பி அண்ணன் கம்பனிச் சாமான்தான் நல்லமெண்டு..."

"கம்பனியில என்ன, பொன்னாலயா செய்யிறானுகள்? அதே அளவு, அதே நிறம். பெட்டியில எழுத்து மட்டும் இல்ல. எழுத்தா மச்சான் காரை நிப்பாட்டுற?"

நஸீறா சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே கணவனைப் பார்த்தாள்.

"காக்காட கடை இரிக்க நீங்க கொழும்புக்கு எழுதினா ஊர் என்ன கதைக்கும்?"

ஆதம்பாவா சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினான். சாமித்தம்பி முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பட்டியைப் பூட்டினார்.

ஒன்பதாம் நாள் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு ஒரு வாடகை கிடைத்தது. வந்தவர் நல்லரத்தினம் போடியார். அக்கரையில் பெரிய வயல் வட்டைக்குச் சொந்தக்காரர். காணி உறுதிப் பத்திரம் ஒன்றை எழுதி முடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சால்வையோடு பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதை என்ற மிதவையில்தான் ஏற வேண்டும். வண்டிலையும் காரையும் ஏற்றிச் செல்லும் அந்த மிதவை அப்போதுதான் அக்கரையிலிருந்து புறப்பட்டிருந்தது. ஆதம்பாவா சரிவின் நடுவில் காரை நிறுத்தப் பிரேக்கை மிதித்தான். கால் பலகைவரை போனது. கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தான். கருகிய நாற்றம் வந்தது. கார் அவசரமே இல்லாமல், குளிக்கப் போகும் எருமையைப் போல வாவிக்குள் இறங்கி, இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய பிறகு சேற்றில் புதைந்து நின்றது.

போடியார் கத்தவில்லை. இருக்கைமேல் ஏறி நின்று, காணி உறுதியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். துறையிலிருந்த ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

"நான் இனி மாட்டு வண்டில்ல போறன் ஆதம்பாவா," என்றார். "மாடு சொன்னா நிக்கும்."

அவர் ஏசியிருந்தால்கூட அவனுக்கு இத்தனை வலித்திருக்காது.

துறை ஆட்களைக் கொண்டு காரை இழுத்துப் பட்டறையில் விட்டுவிட்டு, பின்னேரம் மர்சூக்கின் கடைக்கு, சேறு காயாத சாரத்தோடு போனான். மர்சூக் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி பட்டா எந்தப் பட்டியும் பிடிக்காது மச்சான். கம்பனிப் பட்டியும் பிடிக்காது."

"தண்ணிக்குள்ள போனதுக்குப் புறகுதானே தண்ணி பட்ட!"

"அதத்தான் நானும் சொல்றன்," என்றார் மர்சூக்.

ஆதம்பாவாவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே கொழும்புக்கு எழுதினான்.

பத்து நாள் என்றது பதினாறு நாளானது. வந்த பெட்டியைச் சாமித்தம்பி ஆசையோடு பிரித்தார். கம்பனி முத்திரை அழகாக இருந்தது. அளவுதான் வேறொரு மாதிரிக் காருடையது. திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது பெட்டியில் முன் சில்லுகளுக்கு மட்டும் பட்டி இருந்தது. பின் சில்லுகளுக்கு உரியது கப்பலில் வந்துகொண்டிருப்பதாகக் கடிதம் சொன்னது.

"முன்னுக்கு மட்டும் பூட்டி ஓடினா என்ன அண்ணன்?"

"கார் பாதி நிக்கும், பாதி போகும். பரவாயில்லையா?"

இப்படி வாரக் கணக்கில், ஐந்து கிழமை போனது. கார் பட்டறையில் கட்டைமேல் நின்றது. வழக்கமாக வருகிறவர்கள் வேறு கார் தேடிப் போனார்கள். மர்சூக் மட்டும் வெள்ளிதோறும் சாப்பிட வந்து, "பாத்தீங்களா மச்சான், கம்பனிக்காரன்ட சீரை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறாம் கிழமை ஒருநாள் ஆதம்பாவா பட்டறையில் சும்மா குந்தியிருந்தான். மர்சூக்கின் சொந்தக் கார் கிரீஸ் பூச வந்திருந்தது. ஆதம்பாவாவின் காரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய அதே மாதிரிக் கார். சாமித்தம்பி அதன் சில்லைக் கழற்றிவிட்டு, சத்தம்போடாமல் கைகாட்டி அழைத்தார்.

"இஞ்ச வந்து பார் தம்பி."

பட்டியில் கம்பனி முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

காரை எடுத்துப்போக மர்சூக் வந்ததும் ஆதம்பாவா அதைச் சுட்டிக் காட்டினான். மர்சூக் முதலில் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கொழும்புக்குப் போனப்ப ரெண்டு செட் எடுத்து வந்தன். ஒண்டு பூட்டினன், ஒண்டு வீட்ட இரிக்கு. பிள்ளையள் போற கார்தானே மச்சான்..."

"அப்ப என்ட காரில போறது என்ன, நெல்லு மூட்டையா?" ஆதம்பாவா கட்டைமேல் நின்ற தன் காரைக் காட்டினான். "உங்கட தங்கச்சி அதிலதான் போறா. அவட பிள்ளையளும் அதிலதான் போகுதுகள்."

மர்சூக் அந்தப் பக்கம் பார்க்காமல் கிரீஸ் பூசிய கூலியை எண்ணத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து நஸீறாவிடம் சொன்னான். அவள் காக்காவுக்காகப் பேசுவாள் என்று எண்ணிச் சண்டைக்குத் தயாராகவே நின்றான். அவளோ அடுப்பைத் தணித்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போனாள். சற்று நேரத்தில் ஒரு பெட்டியோடு திரும்பினாள். நான்கு சில்லுக்கும் உரிய கம்பனிப் பட்டி உள்ளே இருந்தது.

"காக்காக்கிட்டக் கேட்டியா?"

"அவர் வீட்ட இல்ல. மதினிக்கிட்டச் சொன்னன். அவதான் அலுமாரியத் துறந்து எடுத்துத் தந்தா. இன்னும் ரெண்டு சாமான் கிடக்கு, வேணுமா எண்டும் கேட்டா."

அடுத்த நாள் பெட்டியைச் சாமித்தம்பியிடம் நீட்டினான். அவர் பட்டியைத் தடவிப் பார்த்தார், முத்திரையைப் படித்தார், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். முகம் வாடியது.

"ஆணி இல்லையே. பட்டியைத் தைக்கிற செப்பாணி. கம்பனி ஆணிக்குக் கொழும்புக்கு எழுதோணும்."

ஆறு கிழமையாக அடக்கிவைத்தது அத்தனையும் ஆதம்பாவாவின் வாயால் ஒரேயடியாக வெளியே வந்தது. மச்சானை ஏசினான், கொழும்பை ஏசினான், கப்பலை ஏசினான், கடைசியில் சாமித்தம்பியையும் ஏசினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சாமித்தம்பி உள்ளே போய், தடித்த செப்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் தலை அடித்து ஆணியாக்கி, மாலைக்குள் நான்கு சில்லையும் பூட்டிக் கொடுத்தார்.

"கொப்பி ஆணியெண்டு ஆருக்கும் சொல்லிப் போடாத," என்றார்.

கார் மறுபடி ஓடியது, சொன்ன இடத்தில் நின்றது. மர்சூக் இரண்டு வெள்ளி சாப்பிட வரவில்லை. மூன்றாம் வெள்ளி வந்தார், கையில் ஒரு பொட்டலம். ஆதம்பாவா அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இருங்க மச்சான். இது ஹோர்ன் ஊதுற ரப்பர்க் குமிழ். கொப்பிதான், மறைக்கல்ல. ஊதாட்டி ஆரும் சாகமாட்டாங்க."

ஆதம்பாவா ஏச வாயெடுத்தான். நஸீறா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. குமிழை வாங்கி அமுக்கிப் பார்த்தான். தொண்டை கட்டிய தாரா வாத்து கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றான். "சோறு ஆறுது."