ஏழாம் அறையின் பெட்ஷீட்

மார்ச் 11, செவ்வாய். இன்றைய பிழை: ஏழாம் அறைக்காரர் பெட்ஷீட் கேட்டார். அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். சொன்னது சரி. ஆனாலும் பிழை. எங்கே என்று தெரியவில்லை.

டைரியை மூடியவள் மறுபடி திறந்தாள். ‘சொன்னது சரி’ என்பதை அடித்தாள். பிறகு அடித்ததற்கு மேலேயே திரும்பவும் எழுதினாள்.

மாலை வகுப்பு ஆங்கில வாத்தியாரின் உத்தரவு அது. தினம் ஒரு பிழையை எழுதிக்கொண்டு வர வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் ‘பஸ் லேட்’ என்று வாரம் முழுக்க ஒரே பிழையை எழுதி நிம்மதியாக இருந்தார்கள். இவள் ஒருத்திதான் தேடித் தேடி எழுதினாள். கிடைக்காத நாளில் தூக்கம் வராது. நல்லவேளை, அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

பகலில் அவள் ஒரு லாட்ஜில் துணி அறையைப் பார்த்துக்கொண்டாள். சலவையிலிருந்து வருவதை மடித்து, மூலையில் அறை எண் எழுதிய துணிகளை அந்தந்த அறையில் வைப்பது வேலை. அங்கே அவளுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். மாதக் கடைசியில் ரிசப்ஷன்காரர் வேலையை விட்டுப் போகிறார். அந்த நாற்காலிக்காகத்தான் இந்த வகுப்பு, டைரி எல்லாம். போட்டிக்கு ஒரே ஆள், மேனேஜரின் மச்சான். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘நோ ப்ராப்ளம்’ மட்டும்தான். அதை வைத்தே அவர் பல ப்ராப்ளங்களை உண்டாக்கியிருந்தார்.

வினை திங்கட்கிழமை வகுப்பில் தொடங்கியது. வாத்தியார் பலகையில் ஒரு கட்டில் வரைந்தார்.

“கீழ விரிக்கிறது பெட்ஷீட். மேல போர்த்துறது பிளாங்கெட். இதுகூடத் தெரியாம தலைமுறை தலைமுறையா பெட்ஷீட்டைப் போர்த்திக்கிட்டுத் தூங்குறோம். வெட்கமா இல்ல?”

அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவைத் திருத்தப் பார்த்தாள்.

“அப்போ இத்தனை நாளா நான் போர்த்திக்கிட்டிருந்தது என்னடி?”

“பிளாங்கெட்மா.”

“அது கம்பளி. குத்தும். இது குத்தலையே?”

கையில் இருந்த டிக்‌ஷனரியில் குத்துவதைப் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள் மாலை அவள் வகுப்புக்குக் கிளம்பும் முன், ரிசப்ஷன்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவர் மேஜை இன்டர்காம் அடித்தது. எடுத்தாள்.

“ஏம்மா, ஏழாம் நம்பர். ரூம்ல பெட்ஷீட் இல்லையே?”

“இருக்கு சார். கட்டில் மேல.”

“கட்டில் மேல நான்தான் இருக்கேன்.”

“உங்களுக்குக் கீழ பாருங்க சார்.”

“விரிச்சிருக்கிறதை உருவிப் போர்த்திக்கச் சொல்றியா? ஏசி வேற குறைய மாட்டேங்குது.”

“விரிச்சிருக்கிறதுதான் சார் பெட்ஷீட். போர்த்துறதுக்கு நீங்க பிளாங்கெட்னு கேட்கணும்.”

“சரி தாயே, பிளாங்கெட்டே கொண்டா.”

டிக்‌ஷனரியில் படம் போட்டிருந்தபடியே தடித்த கம்பளி ஒன்றைத் தேடி எடுத்துப் போனாள். அவர் வாங்கி ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

“பெட்ஷீட் கேட்டா ஆட்டையே கூட்டிட்டு வந்திருக்கியே!” என்று கதவைச் சாத்தினார்.

புதன் காலை அவர் ரிசப்ஷனுக்கு இறங்கி வந்தார். வெறும் மெத்தையில் படுத்த முதுகைச் சொறிந்துகொண்டு, உருவிய விரிப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு, பட்டாபிஷேகத்துக்குப் புறப்பட்ட ராஜா மாதிரி வந்தார். வரவேற்பறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நிற்காத குறைதான்.

மேனேஜர் உடனே விசாரணைக் கமிஷன் வைத்தார்.

“பெட்ஷீட்டுன்னா என்ன? போர்த்துறதா, விரிக்கிறதா?”

“போர்த்துறது மாமா. குழந்தைக்குக்கூடத் தெரியும்,” என்றார் மச்சான்.

“விரிக்கிறது சார். டிக்‌ஷனரியில இருக்கு,” என்றாள் அவள்.

மூட்டையோடு வந்த சலவைக்காரரையும் மேனேஜர் விடவில்லை.

“என்னைக் கேட்டா ரெண்டுமே அழுக்குதான் சார்,” என்று அவர் மூட்டையை இறக்கினார்.

மேனேஜர் அவளிடம் திரும்பினார். “இந்த லாட்ஜ்ல கஸ்டமர் பேசுறதுதான் இங்கிலீஷ். நாளைக் காலைல அவர் காலி பண்றார். அதுக்குள்ள அவர் வாயால ‘பரவாயில்ல’ன்னு வரணும். வரலேன்னா நாற்காலி மச்சானுக்கு.”

“நோ ப்ராப்ளம்,” என்றார் மச்சான்.

அன்று மாலை வகுப்பில் வாத்தியார் காது வரை மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நேத்து ராத்திரி சரியான காய்ச்சல். ரெண்டு பெட்ஷீட் போர்த்தியும் குளிர் விடல.”

அவள் கை பாதி வரை எழும்பியது. கட்டிலில் கிடந்து நடுங்கும் வாத்தியாரும், ‘உங்களுக்குக் கீழ பாருங்க சார்’ என்று சொல்லும் தானும் கண்முன் வந்தார்கள். கையை இறக்கிக்கொண்டாள்.

“என்னம்மா, சந்தேகமா?”

“இல்ல சார். உடம்பைப் பார்த்துக்கோங்க.”

வகுப்பு முடிந்து நேராக லாட்ஜுக்குப் போனாள். ஏழாம் அறைக்கு மெல்லிய போர்வையாக ஒன்று தேடித் துணி அறை அலமாரியைத் திறந்தாள். கண்ணெதிரிலேயே ஒன்று இருந்தது. தேய்த்து மடித்து, மூலையில் ஏழு என்று எழுதியது. செவ்வாய்க்கிழமை காலையில் அவளே மடித்தது, அவளே கொண்டுபோய் வைக்க மறந்தது. அகராதி புரட்டும் நேரத்தில் அலமாரியைப் புரட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஏழாம் அறைக் கதவைத் தட்டினாள்.

“சார், உங்க பெட்ஷீட். வைக்க மறந்தது நான்தான். மறந்ததும் இல்லாம உங்களுக்குப் பாடம் வேற எடுத்துட்டேன்.”

அவர் வாங்கி விரித்துப் பார்த்தார். “இப்போ இதுக்குப் பேரு பெட்ஷீட்டா?”

“உங்க ரூம்ல ஆமா சார்.”

அவர் சிரித்துவிட்டார். அங்கேயே இன்டர்காமை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். “பரவாயில்ல விடுங்க. நல்ல பொண்ணுதான். கொஞ்சம் படிச்சிடுச்சு, அவ்வளவுதான்.”

அவள் கீழே இறங்கியபோது மேனேஜர் நாற்காலியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணாம் தேதியிலேர்ந்து உட்காரு. ஒரே கண்டிஷன். கஸ்டமருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கூடாது.”

“சரி சார்.”

வீட்டில் அம்மா அந்தக் குத்தாத சங்கதியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பெயரை யாரும் கேட்கவில்லை. அவள் டைரியைத் திறந்தாள்.

மார்ச் 12, புதன். நேற்றைய பிழை எங்கே என்று தெரிந்தது. அலமாரியில். நாளை: இனி துணி அறைக்கு வரப்போகும் மச்சானுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லா அறையிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.