இருட்டில் செருப்பு

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஓர் அரங்கில் எனக்குச் சுவர் தள்ளுகிற வேலை. சக்கரம் வைத்த பலகைச் சுவர், நடுவில் ஒரு கதவு. விளக்கு அணைந்ததும் நானும் வெங்கட்டும் அதை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். எப்போது என்று காதுக்கருவியில் சொல்பவள் ரக்ஷனா, மேடை நிர்வாகி. பத்தொன்பது வயதுதான், ஆனால் இந்த இளையர் நாடகத்தில் இயக்குநர் சுரேந்தரே அவளைக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார்.

ஒளி, ஒலி ஒத்திகை. வீட்டுக் காட்சி முடிந்து விளக்கு அணைந்தது.

"மருதப்பன் அங்கிள், கோ!"

தள்ளினோம். வெங்கட் குப்புற விழுந்தான். விளக்கைப் போட்டால் கதவுக்கு வெளியே செருப்புக் குவியல். வீட்டுக்குள் போகிறோம் என்று நடிக்கிற பிள்ளைகள் வாசலில் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இது வீடு இல்ல, பலகை லா! யாரும் கழட்டாதீங்க!" என்று கத்தினாள் ரக்ஷனா.

"பழக்கம்க்கா. இனிமே கழட்டல," என்றான் நடிக்கிற பிள்ளைகளில் ஒருவனான பிரேம்.

மறுபடியும் கழற்றினார்கள். இந்த முறை விழுந்தது நான். ஏற்கெனவே பழுதான முட்டி.

சுரேந்தர் எழுந்து வந்தார். "இன்னொரு தடவ யாராச்சும் விழுந்தா இந்த சீனையே தூக்கிடுவேன்."

பிரேமுக்கு முகம் செத்துவிட்டது. நாடகம் முழுக்க அவன் பேசுவது அந்தக் காட்சியில் மட்டும்தான். உட்லண்ட்ஸில் அவன் குடியிருக்கிற அடுக்குமாடி பிளாக்கே டிக்கெட் வாங்கியிருந்தது.

"கழட்டாம எப்படிப் போறதுன்னு நானே காட்டுறேன்," என்று ரக்ஷனா மேடைக்கு வந்தாள். கதவருகே நின்றாள். ஒரு கால் ஷூவை மறுகாலால் நெம்பிக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அரங்கமே சிரித்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வீட்ல ஆள் இருக்காங்களான்னு கூப்பிட்டுப் பாரு," என்றேன்.

குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேரே ஒப்பனை அறை வாசலுக்குப் போய் அங்கிருந்த செருப்பு அலமாரியை இழுத்து வந்தாள்.

"அங்கிள், இத சுவரோட சேத்து ஆணி அடிங்க. எல்லாரும் கழட்டிக்குங்க. ஆனா இதுலதான் வைக்கணும்."

அடித்தேன். மறுபடி காட்சி நடந்தது. பிரேம் பேசினான். விளக்கு அணைந்தது.

"கோ!"

சுவர், கதவு, அத்தனை செருப்பு எல்லாம் ஒன்றாக உருண்டு ஓரம் சேர்ந்தன. யாரும் விழவில்லை.

"சரி, சீன் இருக்கட்டும்," என்றார் சுரேந்தர்.

விளக்கு வந்தது. அடுத்த காட்சி தேக்கா பேருந்து நிறுத்தம். பிள்ளைகள் அனைவரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

"ரக்ஷனா..." என்று இழுத்தார் சுரேந்தர்.

"தீமிதிக்குப் போறோம்னு வச்சுக்கலாம் சார்!" என்றான் பிரேம்.

"பிரேம், வாய மூடு. அங்கிள், சுவரத் திரும்பக் கொண்டாங்க," என்றாள் ரக்ஷனா.